திருகோணமலையிலிருந்து நீண்ட சைக்கிள் பயணம்: போன் பற்றரி கடைசிவரை நிற்க என்ன செய்ய வேண்டும்

போன வருடம் ஆவணி மாதம் திருகோணமலையிலிருந்து மட்டக்களப்புக்குச் சைக்கிளில் போனேன். ஏறத்தாழ 130 கிலோமீற்றர். காலை 5 மணிக்குப் புறப்படும்போது போன் 100 சதவீதம். ஹாண்டிலில் மாட்டி, வரைபடத்தைத் திறந்தபடியே ஓடினேன். கிண்ணியாப் பாலம் தாண்டும்போதே 70க்கு இறங்கியிருந்தது. பையில் பவர் பேங்க் இருந்ததால் நான் அதைப் பொருட்படுத்தவில்லை. மூதூர் தாண்டி அதைச் செருகியபோது சார்ஜ் ஏறுவதாகக் காட்டியது. ஆனால் சதவீதம் ஏறவில்லை. வெருகல் பாலம் கடந்து கதிரவெளிப் பக்கம் போகையில், சூடு அதிகம் என்று ஓர் அறிவிப்பு வந்து திரை அணைந்தது. அதற்குப் பிறகு போன் எழும்பவே இல்லை.

வழி தெரியாமல் போய்விடவில்லை. அது ஒரே ரோட்டுத்தான். ஆனால் அக்காவின் நம்பர் போனுக்குள்தான் இருந்தது, எனக்கு மனப்பாடம் இல்லை. வீட்டில் அப்பா எட்டு மணி நேரம் அழைத்துக்கொண்டே இருந்திருக்கிறார். மாலையில் நான் மட்டக்களப்பில் அக்கா வீட்டு வாசலில் இறங்கியபோது அப்பா அங்கே வர பஸ் ஏறுவதற்கு வெளிக்கிட்டிருந்தார். அந்த எட்டு மணி நேரம் அவர் பட்ட பாட்டை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். அதன் பிறகு இதே பாதையிலும், புல்மோட்டைப் பக்கமும், கந்தளாய்ப் பக்கமும் பல தடவை போய்விட்டேன். போன் ஒரு தடவையும் கைவிடவில்லை. நான் செய்வதை வரிசையாகச் சொல்கிறேன், நீங்கள் அந்த ஒரு நாளை அனுபவிக்க வேண்டியதில்லை.

1. உங்கள் போன் மணிக்கு எவ்வளவு குடிக்கிறது என்று முதலில் அளந்து பாருங்கள்

இதைச் செய்யாமல் பவர் பேங்க் வாங்கப் போகாதீர்கள். ஒரு காலை நேரம் போதும். டவுனிலிருந்து நிலாவெளிக்குப் போய்த் திரும்பினால் ஏறத்தாழ 30 கிலோமீற்றர், சாதாரண வேகத்தில் இரண்டு மணி நேரம். போகும்போது திரையை எரிய விட்டு, வரைபடத்தைத் திறந்து வையுங்கள். வரும்போது திரையை அணைத்துவிட்டு, பயணத்தைப் பதிவு செய்யும் செயலி மட்டும் பின்னால் ஓடட்டும். புறப்படும்போதும், திரும்பும் இடத்திலும், வீட்டுக்கு வந்ததும் சதவீதத்தை ஒரு தாளில் எழுதுங்கள்.

என் போனில் திரை எரிந்தபோது மணிக்கு 20 சதவீதம் போனது. திரை அணைந்திருந்தபோது மணிக்கு 6 சதவீதம். உங்கள் போனில் இந்த எண்கள் வேறாக இருக்கும், ஆனால் இரண்டுக்கும் இடையில் பெரிய வித்தியாசம் கட்டாயம் இருக்கும். வெயிலில் படம் தெரிய வேண்டும் என்று வெளிச்சத்தை முழுதாகக் கூட்டுகிறோம், அதுதான் பற்றரியைத் தின்கிறது. ஜி.பி.எஸ் தான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். திரையோடு ஒப்பிட்டால் அது குடிப்பது கொஞ்சம்.

இப்போது கணக்கைப் போடுங்கள். மணிக்கு 15 கிலோமீற்றர் ஓடினால் மட்டக்களப்புக்கு ஒன்பது மணி நேரம். சாப்பாடு, தேநீர், நிழலில் இருப்பது எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டு மணி நேரம். திரை எரிந்தால் என் போன் ஐந்து மணி நேரத்தில் முடிந்துவிடும். திரை அணைந்தால் பன்னிரண்டு மணி நேரத்துக்கு 72 சதவீதம் போதும். அதாவது பவர் பேங்க் இல்லாமலே போய்ச் சேரலாம்.

இந்தக் கணக்கைக் கிலோமீற்றரில் போடாதீர்கள், மணியில் போடுங்கள். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் கந்தளாய்ப் பக்கம் போவதென்றால் காற்று முகத்துக்கு நேரே வரும். மூன்று மணி நேரத்தில் போகிற தூரத்துக்கு நாலரை மணி நேரம் பிடிக்கும். தூரம் மாறாது, ஆனால் போன் விழித்திருக்கும் நேரம் கூடிவிடும்.

இன்னொன்று. மூன்று நான்கு வருடம் பாவித்த போன் என்றால் சதவீதத்தை அப்படியே நம்பாதீர்கள். பழைய பற்றரி 20 சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று அணையும். ஐபோனில் செட்டிங்ஸில் பற்றரி என்ற பகுதிக்குள் அதன் நலம் எத்தனை சதவீதம் என்று இருக்கிறது. 80க்குக் கீழே என்றால், நீண்ட பயணத்துக்கு முன் பற்றரியை மாற்றுவது நல்லது. சில அண்ட்ரொய்ட் போன்களிலும் இந்த விவரம் உண்டு. இல்லாவிட்டால் நிலாவெளிச் சோதனையே உங்களுக்குப் பதில் சொல்லிவிடும்.

2. முந்தின இரவு போனுக்குள் செய்ய வேண்டிய வேலை

அரை மணி நேர வேலைதான். வைஃபை இருக்கிற இடத்திலிருந்து செய்யுங்கள்.

வரைபடத்தைப் போனுக்குள் இறக்கி வையுங்கள். கூகுள் மெப்ஸில் ஒரு பகுதியைத் தெரிவுசெய்து இறக்கலாம். ஓர்கானிக் மெப்ஸ் போன்ற செயலிகளில் முழு இலங்கையையும் இறக்கி வைக்கலாம். அப்புறம் வழியில் வரைபடத்துக்கு டேட்டா தேவையில்லை.

அடுத்ததில்தான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். பற்றரி மிச்சப்படும் என்று பற்றரி சேவரைப் போட்டுவிட்டு, பயணத்தையும் பதிவு செய்யத் தொடங்குவார்கள். பல அண்ட்ரொய்ட் போன்களில் பற்றரி சேவர் போட்டால், திரை அணைந்ததும் இருப்பிடம் அறிகிற வேலையும் நின்றுவிடும். வீட்டுக்கு வந்து பார்த்தால் புறப்பட்ட இடத்திலிருந்து வந்த இடத்துக்கு ஒரு நேர்கோடு மட்டும் இருக்கும். ஆகவே செட்டிங்ஸில் அந்தப் பதிவுச் செயலிக்கு மட்டும் பற்றரிக் கட்டுப்பாட்டை நீக்கி விடுங்கள். மற்றச் செயலிகளைக் கட்டுப்பாட்டுக்குள் வையுங்கள். பயணப் பதிவு வேண்டாம் என்பவர்களுக்கு இந்தத் தலைவலியே இல்லை, பற்றரி சேவரைப் போட்டுவிட்டுப் போகலாம்.

வட்ஸ்அப்பில் படங்களும் வீடியோக்களும் தானாக இறங்குவதை நிறுத்துங்கள். புளூடூத், வைஃபை இரண்டையும் அணையுங்கள். திரை கறுப்பாகத் தெரிகிற முறை, ஓலெட் திரை உள்ள போனில் உண்மையிலேயே பற்றரியை மிச்சம் பிடிக்கும். எல்.சி.டி. திரை என்றால் பெரிய பலன் இல்லை.

போனையும் பவர் பேங்கையும் அந்த இரவே முழுதாகச் சார்ஜ் பண்ணுங்கள். 10,000 எம்.ஏ.எச் (பற்றரி எவ்வளவு கொள்ளும் என்கிற அளவு) பவர் பேங்க் ஒன்று பழைய சாதாரண சார்ஜரில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். படுக்கப் போகும்போது நினைவு வந்து, காலை நாலு மணிக்கு எழும்பினால் அது நிரம்பியிருக்காது. பின்னேரமே போட்டுவிடுங்கள். அடுத்த நாள் கரண்ட் நிறுத்துவதாக அறிவித்திருந்தால் இதை ஒரு நாள் முந்திச் செய்யுங்கள்.

3. பவர் பேங்க் வாங்குவது

என்னுடைய முதல் பவர் பேங்கில் 20,000 என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. கையில் வைத்தால் பாரமே இல்லை. அதுதான் அன்றைக்கு என்னைக் கைவிட்டது. அப்போது எனக்கு இந்தக் கணக்குத் தெரியாது.

பவர் பேங்குக்குள் இருக்கிற பற்றரியின் அழுத்தம் 3.7 வோல்ற். ஆகவே 10,000 எம்.ஏ.எச் என்றால் உள்ளே இருக்கிற சக்தி 37 வாற்று மணி. போனுக்கு அனுப்பும்போது அது குறைந்தது 5 வோல்ற்றாக மாற வேண்டும். அந்த மாற்றத்தில் கொஞ்சம் சூடாக வீணாகிறது. போனுக்குள் ஏறும்போது இன்னும் கொஞ்சம் போகிறது. கடைசியில் 30 வாற்று மணியளவுதான் உங்களுக்குக் கிடைக்கும். 5,000 எம்.ஏ.எச் பற்றரியுள்ள போனுக்கு 19 வாற்று மணியளவு வேண்டும். ஆக, நல்ல 10,000 பவர் பேங்க் அப்படிப்பட்ட போனை ஒன்றரைத் தடவை நிரப்பும். இரண்டு தடவை நிரப்பும் என்று கடையில் சொன்னால் நம்ப வேண்டாம்.

வாங்கும்போது மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

முதலாவது, பின்பக்கத்துச் சின்ன எழுத்து. நேர்மையான பொருளில் 5 வோல்ற்றில் எவ்வளவு தரும் என்றும் எழுதியிருப்பார்கள். 10,000 பவர் பேங்கில் அது 6,000 பக்கம் இருக்கும். அந்த வரியே இல்லாத பொருளை வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

இரண்டாவது, பாரம். நல்ல 10,000 பவர் பேங்க் பெரும்பாலும் 180 கிராமுக்குக் குறையாமல் இருக்கும். 20,000 என்றால் 350 கிராமுக்கு மேல். 50,000 என்று எழுதிவிட்டு உள்ளங்கையில் காற்றுப் போல இருந்தால் அது பொய்.

மூன்றாவது, பில். பவர் பேங்கின் பெயரும் மொடலும் எழுதிய பில்லைக் கேட்டு வாங்குங்கள். வொறண்டி அட்டையில் கடைச் சீலும் திகதியும் போடச் சொல்லுங்கள். சில கடைகளில் சில நாட்களுக்குச் "செக்கிங் வொறண்டி" மட்டும் தருவார்கள். அப்படியென்றால் வாங்கிய அன்றைக்கே வீட்டில் சோதியுங்கள். போனை 20 சதவீதத்துக்கு இறக்கி, அணைத்துவிட்டு, பவர் பேங்கில் போட்டு, எத்தனை தடவை நிரப்புகிறது என்று பாருங்கள். பில்லையும் வொறண்டி அட்டையையும் படம் பிடித்து வையுங்கள், பில்லின் மை சில மாதத்தில் அழிந்துவிடும். கடைக்காரர் மாற்றித் தர மறுத்தால் நுகர்வோர் அதிகார சபையின் 1977க்கு அழைத்து முறையிடலாம். அங்கேயும் கையில் பில் இருந்தால்தான் பேச்சுக்குப் பலம்.

ஒரு நாள் பயணத்துக்கு 10,000 போதும். இரண்டு மூன்று நாள், அதுவும் வழியில் கரண்ட் இல்லாத இடத்தில் தங்குவதென்றால் 20,000. அதற்கு மேல் பாரம்தான் மிச்சம். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் பவர் பேங்கைக் கைப்பையில்தான் கொண்டுவர வேண்டும், கீழே போடும் பெட்டியில் வைக்கக்கூடாது. 100 வாற்று மணிக்குக் குறைந்தவை பிரச்சினையில்லை, 20,000 என்பது 74 வாற்று மணிதான்.

4. கேபிளை இளக்காரமாக நினைக்காதீர்கள்

மெல்லிய, நீளமான, மலிவான கேபிளில் மின்சாரம் குறைவாகத்தான் போகும். போனில் சார்ஜ் அடையாளம் வரும், ஆனால் திரை எரிந்துகொண்டிருந்தால் ஏறுவதும் இறங்குவதும் சமமாகிவிடும். அன்றைக்கு மூதூர் தாண்டி நடந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

குட்டையான, தடித்த கேபிள் ஒன்று வாங்குங்கள். ஓர் அடி போதும். அதே மாதிரி இன்னொன்றைப் பையின் அடியில் வையுங்கள். கடலோர ரோட்டில் உப்புக் காற்றும் மணலும் முனைக்குள் போகும், ரோட்டுக் குலுக்கத்தில் செருகிய இடம் தளரும். எனக்கு இதுவரை பவர் பேங்க் பழுதானது ஒரு தடவை, கேபிள் பழுதானது நான்கு தடவை.

5. காகிதத்தில் எழுதி எடுத்துப் போக வேண்டியவை

பற்றரி பற்றிய கட்டுரையில் காகிதத்துக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். போன் அணைந்தால் நமக்கு இல்லாமல் போவது வரைபடம் மட்டுமில்லை. நம்பர்கள், வங்கிச் செயலி, தங்குமிடம் பதிவு செய்த விவரம் எல்லாம் அதோடு போய்விடும்.

வீட்டுக்குப் பக்கத்துக் கொமினிகேஷன் கடையில் தேசிய அடையாள அட்டையை இரண்டு பக்கமும் போட்டோக்கொப்பி எடுங்கள். அதன் பின்பக்கம் கையால் எழுதுங்கள்: வீட்டு நம்பர், போய்ச் சேருகிற இடத்து நம்பர், வழியில் தெரிந்த ஒருவரின் நம்பர், உங்கள் இரத்த வகை, ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாது என்றால் அது. 1990 இலவச அம்புலன்ஸ், 119 பொலிஸ். இரண்டையும் எழுதுங்கள். மடித்து, வாயை அழுத்தி மூடுகிற சிப் வைத்த சின்னப் பொலித்தீன் பைக்குள் போட்டு, சட்டைப் பையில் வையுங்கள். சைக்கிள் பையில் வைக்க வேண்டாம், சைக்கிளும் நீங்களும் வேறு வேறு இடத்தில் இருக்கிற நேரம் வரலாம்.

அதே பையில் கொஞ்சம் காசும் இருக்கட்டும். பஸ்ஸுக்கு, ஓட்டோவுக்கு, ஒரு நேரச் சாப்பாட்டுக்கு.

ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ. எண்ணையும் அந்தத் தாளில் எழுதுவது என் பழக்கம். *#06# என்று அடித்தால் திரையில் வரும். போன் காணாமல் போனால் பொலிஸில் முறைப்பாடு எழுதும்போது முதலில் கேட்பது அதைத்தான்.

6. வெயில்

இந்த ஊரில் பற்றரிக்குத் தூரத்தை விட வெயில்தான் பெரிய எதிரி. இதை ஒருவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. சார்ஜ் கணக்கெல்லாம் சரியாகப் போட்டுவிட்டு, வெயிலில் போனைச் சாகக் கொடுத்தவர்கள் என் நண்பர்களிலேயே இரண்டு பேர்.

ஆப்பிள் நிறுவனம் தன் போன்களை 35 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் பாவிக்க வேண்டாம் என்கிறது. வைகாசி தொடங்கி ஆவணி வரை திருகோணமலையில் பகல் வெப்பமே 35ஐத் தொடும். அது நிழலில் உள்ள கணக்கு. நேரடி வெயிலில், கறுப்புக் கண்ணாடி மேலே பார்த்தபடி ஹாண்டிலில் கிடக்கிற போனின் சூடு அதை விட எவ்வளவோ கூட. சூடு ஏறினால் போன் முதலில் திரை வெளிச்சத்தைத் தானாகக் குறைக்கும். அப்புறம் சார்ஜ் ஏறுவதை நிறுத்தும். கடைசியில் தன்னைக் காப்பாற்ற அணைந்துவிடும். அது பழுது இல்லை, அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள். ஆனால் அப்படிச் சுட்ட ஒவ்வொரு நாளும் பற்றரியின் ஆயுளில் கொஞ்சம் நிரந்தரமாகக் குறைகிறது.

செய்ய வேண்டியது இதுதான். காலை ஒன்பது மணிக்குப் பிறகு ஹாண்டிலில் போனை மாட்டாதீர்கள். மேலே பிளாஸ்ரிக் ஜன்னல் வைத்த கறுப்புப் பை விற்கிறார்களே, அதிலும் வைக்காதீர்கள். காற்றும் படாது, வெயில் மட்டும் உள்ளே போகும், போன் அதற்குள் அவிந்துவிடும். சைக்கிளின் குறுக்குத் தண்டுக்குக் கீழே தொங்குகிற பை நல்லது, உங்கள் கால்களின் நிழல் அதில் விழும். போனை ஒரு வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி அதற்குள் வையுங்கள். முதுகுப் பக்கச் சட்டைப் பையில் வைத்தால் வியர்வை இறங்கும், சிப் பொலித்தீனில் போட்டு வைத்தால் பரவாயில்லை.

ஓடிக்கொண்டே வெயிலில் சார்ஜ் போடாதீர்கள். சார்ஜ் ஏறுவதே ஒரு சூடு, வேகச் சார்ஜ் என்றால் இன்னும் கூடிய சூடு. மரநிழலில் நிற்கும்போது, கவரைக் கழற்றிவிட்டு, கல்லிலோ சீமெந்துக் கட்டிலோ இல்லாமல் துணி மேல் வைத்துச் சார்ஜ் போடுங்கள்.

சூடாகி அணைந்துவிட்டதா? உடனே எழுப்பப் பார்க்க வேண்டாம். நிழலில், காற்றுப் படுகிற இடத்தில் இருபது நிமிடம் விடுங்கள். குளிர் தண்ணீர்ப் போத்தலோடு சேர்த்துக் கட்டுவதும், கடைக்காரரிடம் சொல்லிக் குளிர்பெட்டிக்குள் வைப்பதும் கூடவே கூடாது. உள்ளே ஈரம் பனிக்கும். வெயிலுக்குத் தப்பின போன் ஈரத்தில் போய்விடும்.

7. எத்தனை மணிக்குப் புறப்படுவது

காலை 5 மணி. 6 மணிவாக்கில் விடியும். முதல் ஐந்து மணி நேரத்தில் பாதித் தூரத்தை முடித்துவிட்டு, 11 முதல் 3 வரை எங்கேயாவது நிழலில் இருந்தால் உங்களுக்கும் நல்லது, போனுக்கும் நல்லது. அந்த முதல் ஒரு மணி நேர இருட்டுக்குப் போன் டோர்ச்சை லைட்டாகக் கட்டிக்கொண்டு போகாதீர்கள், தனி லைட் வாங்குங்கள்.

கந்தளாய் தாண்டி ஹபரணைப் பக்கம் போகிறவர்கள் இன்னும் கவனமாகத் திட்டமிட வேண்டும். அந்தக் காட்டு ரோட்டில் யானை நடமாட்டம் உண்டு. பின்னேரம் அங்கே நிற்கிற மாதிரி நேரத்தைப் போடாதீர்கள். காட்டுக்குள் நுழைய முன் போன் 50 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும் என்பது நானே எனக்குப் போட்டுக்கொண்ட சட்டம்.

8. ஓடும்போது

புறப்படுகிற இடத்தில், திறந்த வானத்துக்குக் கீழே, டேட்டா இருக்கும்போதே ஜி.பி.எஸ்ஸை எழுப்பிவிடுங்கள். டேட்டா இருந்தால் அது இடத்தைச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு டேட்டாவை அணையுங்கள். அழைப்பும் எஸ்.எம்.எஸ்ஸும் தொடர்ந்து வரும்.

சிக்னல் இல்லாத இடத்தில் போன் கோபுரத்தைத் தேடித் தேடியே பற்றரியைக் கரைக்கும். ஓடாமல் நின்றாலும் கரைக்கும். மூதூருக்கும் வெருகலுக்கும் இடையில் சில இடங்களில் என் போனில் ஒரு கோடுதான் நின்றது. அப்படியான இடத்தில் விமானப் பயணத்துக்கான முறைக்கு (ஃபிளைட் மோட்) மாற்றிவிடுங்கள். பெரும்பாலான போன்களில் அந்த முறையிலும் ஜி.பி.எஸ் வேலை செய்யும், இறக்கி வைத்த வரைபடத்தில் நீங்கள் நிற்கிற இடம் தெரியும். உங்கள் போனில் வேலை செய்கிறதா என்று நிலாவெளிச் சோதனையிலேயே பார்த்துவிடுங்கள். ஆனால் இந்த முறையில் யாரும் உங்களை அழைக்க முடியாது. அதை வீட்டுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பற்றரி தீராமலே என் அப்பா பட்ட பாட்டை உங்கள் வீட்டாரும் படுவார்கள்.

வட்ஸ்அப்பில் நேரலை இருப்பிடத்தை எட்டு மணி நேரத்துக்குப் போட்டுவிட்டு ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். வீட்டுக்கு நிம்மதிதான், ஆனால் டேட்டாவும் ஜி.பி.எஸ்ஸும் நிற்காமல் ஓட வேண்டும். நானும் அப்பாவும் வேறு ஏற்பாடு செய்துகொண்டோம். கிண்ணியா, மூதூர், வெருகல், வாகரை, வாழைச்சேனை. இந்த ஐந்து இடத்திலும் இறங்கி ஓர் எஸ்.எம்.எஸ்: ஊரின் பெயரும் பற்றரிச் சதவீதமும், அவ்வளவுதான். "மூதூர் 81" என்று போனால் அவருக்கு எல்லாம் விளங்கும். அடுத்த ஊருக்கு எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று அவரிடம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்த நேரத்துக்கு மேல் இரண்டு மணி நேரம் தாண்டினால்தான் அழைப்பது என்று பேச்சு.

படம் எடுப்பதை நிறுத்தச் சொல்ல மாட்டேன். பனிச்சங்கேணிப் பாலத்தில் நின்று படம் எடுக்காமல் எப்படிப் போவது? எடுங்கள், எடுத்தவுடனே அனுப்பாதீர்கள். அனுப்புகிற வேலை போய்ச் சேர்ந்த பிறகு.

9. வழியில் சார்ஜ் போடுவது

பவர் பேங்கைக் கடைசிக்கு வையுங்கள். கரண்ட் கிடைக்கிற இடத்தில் முதலில் கரண்ட்.

தேநீர்க் கடைகளில் கேட்டால் மறுப்பவர்களை நான் பார்த்ததில்லை. ஆனால் உள்ளே போனதும் பிளக் தேடாதீர்கள். முதலில் இருந்து, ஒரு பிளேன்டீயும் ஏதாவது சாப்பாடும் சொல்லுங்கள். அப்புறம் கேளுங்கள். கிண்ணியாவிலும் மூதூரிலும் "நானா, போனைக் கொஞ்சம் சார்ஜில போடலாமா?" என்றால் போதும், அவரே வாங்கிப் போடுவார். தமிழ்க் கிராமங்களில் அண்ணா, அக்கா, ஐயா. புறப்படும்போது ஒரு நன்றி, முடிந்தால் ஒரு பிஸ்கட் பெட்டியாவது வாங்கிக்கொண்டு போங்கள்.

நேரத்தில் ஒரு கவனம். வெள்ளிக்கிழமை நண்பகல் ஜும்ஆத் தொழுகைக்காகக் கிண்ணியா, மூதூர், புல்மோட்டைப் பக்கம் கடைகள் பூட்டியிருக்கும். அன்றைக்குப் பகல் சார்ஜை அங்கே நம்பிப் போகாதீர்கள், 11 மணிக்கு முன்போ இரண்டு மணிக்குப் பின்போ வைத்துக்கொள்ளுங்கள்.

பிளக் விஷயமும் உண்டு. புதிய கட்டடங்களில் சதுரப் பின், பழைய கடைகளில் உருண்டைப் பின். சதுரப் பின் சார்ஜரோடு போனால் பழைய கடையில் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். சின்ன மாற்றுப் பிளக் ஒன்றைப் பையில் போடுங்கள், ஹாட்வெயார் கடைகளில் கிடைக்கும்.

வேகச் சார்ஜர் இருந்தால் அரை மணி நேரத்தில் மூன்றில் ஒரு பங்காவது ஏறும். 80க்கு மேல் எந்தப் போனும் மெதுவாகத்தான் ஏறும். அங்கே காத்திருந்து நேரத்தைப் போக்காமல் 80 ஆனதும் கழற்றிக்கொண்டு புறப்படுங்கள்.

டைனமோ பற்றிப் பலர் கேட்கிறார்கள். பழைய லுமாலா சைக்கிளில் டயரோடு உரசி லைட் எரிகிற டைனமோவின் வயரை நேரே போனுக்குக் கொடுக்காதீர்கள். அதிலிருந்து வருவது மாறுமின்னோட்டம், வேகத்தோடு அழுத்தமும் ஏறும், போன் எரிந்துவிடும். அதை நேராக்கிச் சமப்படுத்துகிற சாதனம் இடையில் வேண்டும். அது இருந்தாலும் கிடைப்பது 3 வாற்றுக்குள்தான், அதற்காக நாள் முழுதும் கூடுதலாக மிதிக்க வேண்டும். ஒரு நாள் பயணத்துக்கு இது வேண்டாத வேலை. மடிக்கிற சூரியத் தகடும் அப்படித்தான். ஒரே இடத்தில் இரண்டு நாள் முகாம் போட்டால் பவர் பேங்கை அதில் நிரப்பலாம். ஓடும்போது நிழலும் வெயிலும் மாறி மாறி விழ, சார்ஜ் விட்டு விட்டுத்தான் ஏறும்.

10. மாரி காலம்

ஐப்பசி கடைசியிலிருந்து தை வரை வெயில் பயம் குறையும், தண்ணீர்ப் பயம் வரும். சிப் பொலித்தீன் இரண்டு, ஒன்றுக்குள் ஒன்றாக. சொப்பிங் பேக்கில் முடிந்து வைத்தால் முடிச்சு வழியே தண்ணீர் இறங்கும்.

சார்ஜ் துளையில் ஈரம் என்று போன் எச்சரித்தால் கேபிளைச் செருகாதீர்கள். துளை கீழே பார்க்கிற மாதிரிப் பிடித்து மெதுவாகத் தட்டி, காற்றில் காய விடுங்கள். அரிசிக்குள் புதைப்பதால் நன்மை இல்லை, தூசுதான் துளைக்குள் போகும். மழை நாளில் பவர் பேங்கையும் நம்ப முடியாமல் போகலாம் என்பதால் போனை 60க்குக் கீழே இறங்க விடாமல் கடைக்குக் கடை நிரப்பிக்கொண்டே போவது நல்லது.

11. செலவு

நான் டவுனில் மத்திய வீதிப் பக்கம் வாங்கியபோது கொடுத்த விலைகள் இவை. கடைக்குக் கடை மாறும், பேரம் பேசலாம்.

10,000 பவர் பேங்க் 5,800 ரூபாய். தடித்த கேபிள் இரண்டு 1,900. குறுக்குத் தண்டுப் பை 2,400. மாற்றுப் பிளக் 250. சிப் பொலித்தீன், போட்டோக்கொப்பி எல்லாம் சேர்த்து 300க்குள். சைக்கிள் முன் லைட் 1,500.

இத்தனையும் ஒரேயடியாக முடியாதென்றால் கேபிளையும் பையையும் முதலில் வாங்குங்கள். திரையை அணைத்து, நிழலில் வைத்து, நல்ல கேபிளால் கடையில் சார்ஜ் போட்டுக்கொண்டு போனால், பவர் பேங்க் இல்லாமலே வாகரை வரை நான் போயிருக்கிறேன்.

இன்னும் ஒரு 4,500 ரூபாய் முடிந்தால், ஒரு பட்டன் போன். அதில் இன்னொரு சிம், கொஞ்சம் ரீலோட், வீட்டு நம்பர்கள். ஒரு சார்ஜில் நாட்கணக்கில் கிடக்கும், வெயிலுக்கும் அவ்வளவு அசையாது. தனியாகப் போகிற பெண்களுக்கும், இருட்டினபின் ஓட வேண்டி வருகிறவர்களுக்கும் பவர் பேங்கை விட இதைத்தான் முதலில் சொல்வேன்.

12. எல்லாம் மீறி 15 சதவீதத்துக்கு வந்துவிட்டால்

உடனே வீட்டுக்கு ஓர் எஸ்.எம்.எஸ்: எங்கே நிற்கிறீர்கள், எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்கு மறுபடி போனை எழுப்புவீர்கள். அனுப்பியதும் போனை முழுதாக அணையுங்கள். விமான முறையில் விடாதீர்கள், அணையுங்கள். சொன்ன நேரத்துக்கு எழுப்பி, ஒரு எஸ்.எம்.எஸ் அனுப்பி, திரும்ப அணையுங்கள். ஒவ்வொரு தடவை எழும்பவும் கொஞ்சம் பற்றரி போகும் என்பதால் ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவைக்கு மேல் வேண்டாம்.

முற்றாகப் போய்விட்டதென்றால் ரோட்டோரக் கடை ஒன்றில் நிறுத்தி, சட்டைப் பைத் தாளை எடுத்து, கடைக்காரரின் போனிலிருந்து ஓர் அழைப்புக் கேளுங்கள். அழைத்து முடிந்ததும் உங்கள் வீட்டு நம்பரை அவருடைய போனிலிருந்து அழிக்கச் சொல்லத் தேவையில்லை. வீட்டார் திரும்ப அழைக்கிற நம்பர் கடைக்காரருடையதுதான், அதைத் தாளில் எழுதிக்கொண்டு, எத்தனை மணிக்கு அங்கிருந்து கிளம்பினீர்கள் என்பதையும் அவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.